திரிகை தவிர்த்த கலை: மக்டலீன் ஒடுண்டோவின் மட்கலன்கள்

ஆய்வுச்சுருக்கம்

கென்யாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிவரும் மட்கலைஞர் மக்டலீன் ஒடுண்டோவின் கலன்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க மரபின் நீட்சியாகவோ பெண்ணுடலின் உருவகமாகவோ விளக்கப்படுகின்றன. இவ்விரு விளக்கங்களும் கலன் செய்யப்பட்ட முறையைப் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை. நைஜீரியாவின் அபுஜா மட்பாண்டப் பயிற்சி மையத்தில் அவர் கற்றது, திரிகையையும் கண்ணாடிப் பூச்சையும் அவர் தவிர்த்தது, ஒரே கலனை இருவேறு தீயில் சுடுவது ஆகியவற்றின் வழியாக அவருடைய கலைச்செயற்பாட்டை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பெயர் பதிவு செய்யப்படாத பெண் குயவர்களின் திறனையும் பெயர்பெற்ற கலைஞர் ஒருவரின் ஆக்கத்தையும் ஒருங்கே வைத்துப் பேசுவதற்குத் திறனாய்வுக்கு எத்தகைய மொழி வேண்டும் என்பதே இதன் மையக் கேள்வியாகும்.

திறவுச்சொற்கள்: மட்கலை, ஒடுண்டோ, லாடி குவாலி, கைவனைவு, மெருகேற்றல், மரபு, சூளை.

முன்னுரை

மட்கலன் என்பது பயன்பாட்டுப் பொருளா, கலைப்பொருளா என்ற வினா ஐரோப்பியக் கலையுலகில் நெடுங்காலமாக நிலவிவருகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவுடன் இணைந்து 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் நகரில் பட்டறை ஒன்றை அமைத்தார். அன்றாடம் புழங்கும் கலனே சிறந்த கலன் என்பது அவ்வழியினரின் கொள்கையாக விளங்கியது. அக்கொள்கையின் நிழலில் கல்வி கற்றவர் மக்டலீன் ஒடுண்டோ. ஆனால் அவர் செய்யும் கலன்களில் எவரும் நீர் நிரப்புவதில்லை, தானியம் சேர்ப்பதுமில்லை. மற்றொருபுறம், பயன்பாட்டைக் கைவிட்டுச் சிற்பமாகவே தம் படைப்புகளை முன்வைத்த மட்கலைஞர்களின் வழியையும் அவர் பின்பற்றவில்லை. வாய், கழுத்து, வயிறு, அடி என்னும் கலனின் உறுப்புகள் அனைத்தும் அவர் படைப்புகளில் குறைவின்றி அமைந்துள்ளன. கலனாகவே நின்று, பயன்பாட்டை மட்டும் விலக்கும் இந்த நிலைப்பாட்டின் பொருள் அவருடைய செய்முறையில்தான் தங்கியிருக்கிறது.

1950இல் நைரோபியில் பிறந்த ஒடுண்டோ தம் தொடக்கக் கல்வியை இந்தியாவிலும் கென்யாவிலும் பெற்றார். வரைகலையிலும் விளம்பரக் கலையிலும் பயிற்சி பெற்றபின் 1971இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் அடிப்படைக் கலைப்படிப்பை மேற்கொண்டபோதுதான் களிமண்ணை நெருங்கி அறிந்தார். ஃபார்ன்ஹாம் கலைக்கல்லூரியில் 1976இல் இளநிலைப் பட்டமும், லண்டன் ராயல் கலைக்கல்லூரியில் 1982இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் ஃபார்ன்ஹாமிலேயே மட்கலைப் பேராசிரியராகப் பணியாற்றினார். 2020இல் அவருக்கு டேம் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. இவை பல நூல்களிலும் கிடைக்கும் செய்திகள். இவற்றுக்கு இடையில் அமைந்த 1974–75ஆம் ஆண்டுகளின் பயணமே அவருடைய கலையைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது.

அபுஜாவில் கற்றது

லீச்சின் மாணவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் கார்டியூ. பிரித்தானியக் குடியேற்ற அரசின் மட்பாண்ட அலுவலராக நைஜீரியா சென்ற அவர், 1950களின் தொடக்கத்தில் அபுஜா என்னும் ஊரில் ஒரு பயிற்சி மையத்தை நிறுவினார். இன்றைய தலைநகர் அபுஜா வேறு. கார்டியூவின் அபுஜா இப்பொழுது சுலேஜா எனப்படுகிறது. உள்ளூர்க் குயத்தொழிலை மேம்படுத்துவதே மையத்தின் நோக்கம். அவர்கள் கருத்தில் மேம்பாடு என்பது மூன்று செயல்களைக் குறித்தது: திரிகையில் வனைதல், கண்ணாடிப் பூச்சு இடுதல், உயர்ந்த வெப்பத்தில் சுட்டுக் கல்போல் இறுகச் செய்தல். இம்மூன்றும் அப்பகுதிக் குயவர்களிடம் வழக்கில் இல்லாதவை. அங்குக் குயத்தொழில் செய்தவர்கள் பெண்கள். மையத்தில் முதலில் சேர்க்கப்பட்டவர்களோ ஆண்கள்.

அபுஜா ஆட்சியாளரின் அரண்மனையில் கார்டியூ சில நீர்க்குடங்களைக் கண்டார். அவற்றைச் செய்தவர் குவாலி என்னும் சிற்றூரைச் சேர்ந்த லாடி குவாலி. 1954இல் அவர் மையத்தில் சேர்ந்தார். அங்குச் சேர்ந்த முதல் பெண் குயவர் அவரே. மண் உருண்டையைக் குடைந்து, மண்திரிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, கலனைச் சுற்றித் தாமே நடந்து வடிவம் கொடுப்பது அவர் முறை. திரிகையில் கலன் சுழல்கிறது, குயவர் அமர்ந்திருக்கிறார். குவாலியின் முறையில் கலன் நிலைத்து நிற்கிறது, குயவர் சுழல்கிறார். மையத்தில் அவர் செய்த குடங்கள் தம் கீறல் ஓவியங்களுடன் கண்ணாடிப் பூச்சிடப்பட்டு, உயர்வெப்பச் சூளையில் சுடப்பட்டன. அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காட்சிப்படுத்தப்பட்டுப் பெரும் புகழ் பெற்றன. நைஜீரியாவின் 20 நைரா பணத்தாளின் பின்புறத்தில் இன்றும் அவர் உருவம் காணப்படுகிறது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்குடத்தின் சுவரில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. கோடைக்காலத்தில் மண்பானை நீர் அருந்தும் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கண்ணாடிப் பூச்சு இந்த நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. பயன்பாட்டுக் கலனே சிறந்தது என்ற கொள்கையுடன் வந்தவர்கள், ஒரு நீர்க்குடத்தின் தலையாய பயனை நீக்கி அதனைக் காட்சிப் பொருளாக்கினர். கார்டியூ குவாலியின் திறனை உளமார மதித்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தக் குடத்தின் மேற்பரப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்தது மையமே.

கார்டியூவின் பரிந்துரையின் பேரில் இம்மையத்திற்குச் சென்ற ஒடுண்டோ, மையம் கற்பிக்க விரும்பியதைக் காட்டிலும் அது மாற்ற முனைந்ததையே நிலையாக ஏற்றுக்கொண்டார். லாடி குவாலியிடமும் உடனிருந்த பெண்களிடமும் கைவனைவைப் பயின்றார். கென்யாவிலும் மரபுக் குயவர்களின் வேலையை நேரில் கண்டார். பிற்காலக் கலன்களில் திரிகை இல்லை, கண்ணாடிப் பூச்சு இல்லை, உயர்வெப்பமும் இல்லை. மையம் மேம்பாடு எனக் கருதிய மூன்றையும் அவர் விலக்கியிருக்கிறார். இத்தேர்வை மரபுக்குத் திரும்புதல் என்று மட்டும் சொல்வது போதாது. நவீன மட்கலைக் கல்வி முழுவதையும் பெற்ற ஒருவர் அக்கல்வியின் அடிப்படைக் கருதுகோளுக்குச் செயல்வழியே அளித்த மறுமொழி இது.

கையும் மண்ணும்

ஒடுண்டோவின் செய்முறை நீண்ட காலம் எடுப்பது. செம்மண் களியை உருட்டிக் குடைந்து, கீழிருந்து மேலாகச் சுவரை இழுத்து உயர்த்துகிறார். அதன்மேல் மண்திரிகளை ஏற்றிக் கலனை வளர்க்கிறார். ஒவ்வொரு நிலையிலும் மண் சற்று இறுகும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமையின்றி ஏற்றினால் கீழ்ப்பகுதி எடை தாங்காமல் சரியும். வடிவம் நிறைவுற்றதும் சுவரைச் சுரண்டி மெலிதாக்குகிறார். பின் நுண்ணிய களிக்குழம்பைப் பூசி, வழவழப்பான கல் முதலியவற்றால் மீண்டும் மீண்டும் தேய்க்கிறார். தேய்க்கும்போது களியின் நுண்துகள்கள் ஒரே திசையில் படிந்து ஒளியைத் திருப்பித் தருகின்றன. கலனின் பளபளப்பு இவ்வாறு உண்டானது. பூச்சு மேலிருந்து போர்த்தும் ஒளி வேறு, மண்ணின் தோலிலேயே எழும் இந்த ஒளி வேறு.

திரிகையில் எழும் கலன் தன் இயல்பால் வட்டமானது. மைய அச்சிலிருந்து எப்பக்கமும் சமமானது. கையால் எழுப்பும் கலனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒடுண்டோவின் பல கலன்களில் கழுத்து ஒருபுறம் சாய்கிறது. விரிந்த வாய் மேல்நோக்கித் திரும்புகிறது. வயிறு ஒரு பக்கம் மட்டும் புடைக்கிறது. சுற்றி நடந்து பார்ப்பவருக்கு ஒரே கலன் பல தோற்றங்கள் தருகிறது. முன்புறத்திலிருந்து நிமிர்ந்த நிலையில் தோன்றும் ஒன்று பக்கவாட்டில் தலைசாய்த்துக் கேட்பதுபோல் அமைகிறது. செய்தவர் கலனைச் சுற்றி வந்ததுபோலவே காண்பவரும் சுற்றிவர வேண்டியிருக்கிறது. நூல்களில் அச்சாகும் ஒற்றைப் புகைப்படங்கள் இக்கலன்களுக்கு நீதி செய்யாமைக்கு இதுவே காரணம்.

தமிழகச் சூழலில் இச்செய்முறையை எண்ணும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்தல் வேண்டும். இங்குத் திரிகையில் வனைவது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகவும், மண்ணைப் பதப்படுத்துவது போன்றவை பெண்களின் பங்காகவும் இருந்துவந்துள்ளன. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வனைவு முழுவதும் பெண்களின் கையில் இருந்தது. ஆகவே திரிகையின் வருகை அங்குக் கருவி மாற்றத்தோடு நிற்கவில்லை. தொழில் யாருடையது என்னும் வினாவையும் அது எழுப்பியது. ஒடுண்டோ திரிகையைத் தவிர்த்ததை அழகியல் விருப்பமாக மட்டும் கொள்ளும் விளக்கங்கள் இப்பின்னணியைத் தவறவிடுகின்றன.

தீயின் இரு நிலைகள்

முதல் சூட்டில் சூளையினுள் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். செம்மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு கூடி, கலனைச் செம்மஞ்சள் நிறமாக்கும். சில கலன்கள் இந்நிலையிலேயே முடிவு பெறுகின்றன. வேறு சிலவற்றை ஒடுண்டோ மூடிய காப்புக்கலனுள் மரச்சிம்பு முதலான எரிபொருள்களுடன் வைத்து மீண்டும் சுடுகிறார். எரியும் பொருள் ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ள, மண்ணிலுள்ள இரும்பு ஒடுக்கமடைகிறது; கரிப்புகையும் உட்புகுந்து கலன் கருமையாகிறது. புகை ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் படிந்தால் செம்மையும் கருமையும் கலந்த நிறவேறுபாடுகளும், உலோகம்போன்ற மினுக்கமும் தோன்றுகின்றன.

இத்தொழில்நுட்பம் எந்த ஒரு நாட்டிற்கும் உரியதன்று. நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபான்சோ பழங்குடியினரிடையே மரியா மார்டினெஸ், அவர் கணவர் ஜூலியன் ஆகியோரால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டெடுக்கப்பட்ட கருநிற மட்கலன்களும் இவ்வகையின. ஒடுண்டோ அங்கும் சென்று அதனைக் கண்டவர். ஆதிச்சநல்லூர் முதல் கீழடி வரை தமிழக அகழாய்வுகளில் மிகுதியாகக் கிடைக்கும் கறுப்பு–சிவப்பு மட்கலன்களும் இதே நெறியில் அமைந்தவை. காற்றுப்படாத பகுதி கறுத்தும் காற்றுப்பட்ட பகுதி சிவந்தும் ஒரே கலனில் இரு நிறங்கள் உருவாயின. இவற்றுக்கிடையே வரலாற்றுத் தொடர்பைத் தேடுவது வீண்வேலை. இரும்பு கலந்த மண்ணும் அடக்கப்பட்ட தீயும் எங்கே கூடினாலும் இந்நிறம் தோன்றும்.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. திறந்த வெளியில் பல கலன்களை ஒன்றாக அடுக்கிச் சுடும் ஊர்க் குயவருக்குச் சில கலன்கள் வெடிப்பதும் கறைபடுவதும் தொழிலின் இயல்பு. ஒடுண்டோ எரிவாயுச் சூளையில் சுடுகிறார். பல மாத உழைப்பு ஒற்றைக் கலனில் தேங்கியிருக்கிறது. நிறம் மனநிறைவு தராவிட்டால் அதையே மீண்டும் சூளையில் ஏற்றுகிறார். ஒவ்வொரு மறுசூட்டிலும் கலன் பிளந்து அழியும் வாய்ப்பு கூடுகிறது. கருமையில் ஓரிடத்தில் செம்மை கசியும் கலன்களே அவருடைய ஆக்கங்களுள் சிறந்தவை என்று துணிந்து கூறலாம். முழுதும் கருத்துப் பளபளக்கும் சில கலன்களில் கை வேலையின் தடயம் அறவே மறைந்து, ஆலையில் செய்த பொருளோ என்று ஐயுறும் அளவுக்கு நிறைவு மிகுந்துவிடுகிறது. அந்நிறைவு காண்பவரை வியக்கவைக்கிறது, நெருங்கவிடுவதில்லை.

உடல் என்னும் உருவகம்

ஒடுண்டோவின் கலன்களைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியாக வழங்கும் சொல் உடல். அதற்கு இடமுண்டு. கலன்களின் மேற்பரப்பில் சிறு முளைகள் தென்படுகின்றன. அவை முலைக்காம்பாகவோ கொப்பூழாகவோ முதுகெலும்பின் முடிச்சுகளாகவோ தோன்றுகின்றன. சாய்ந்த கழுத்தும் புடைத்த வயிறும் கருவுற்ற பெண்ணை நினைவூட்டுகின்றன. கலைஞரும் மனித உடலின்மீது தமக்குள்ள ஈடுபாட்டை மறைத்ததில்லை.

ஆனால் கலன் உடலைப்போல் இருக்கிறது என்று சொல்வதால் திறனாய்வு எதனைப் பெறுகிறது? குடத்திற்கு வாயும் கழுத்தும் வயிறும் உண்டென்பதை மொழியே முன்பே சொல்லிவிட்டது. தமிழில் மட்டுமின்றி ஆங்கிலத்திலும் கலனின் உறுப்புகள் உடலுறுப்புகளின் பெயர்களையே பெற்றுள்ளன. இறந்தோரின் உடலையோ எலும்புகளையோ தாழியில் இட்டுப் புதைத்த சமூகங்களுக்குக் கலனும் உடலும் அண்மையானவை என்பது உவமையின் துணையின்றியே விளங்கியிருக்கும். ஒப்புமையைச் சுட்டிவிட்டு நின்றுவிடும் திறனாய்வு, பழகிய ஒன்றையே புதிதுபோல் கூறுகிறது. கறுப்பினப் பெண்கலைஞர் ஒருவரின் கலன் என்பதால் அதனை உடனே கறுப்பினப் பெண்ணுடலாகக் காணும் பார்வையில் வேறொரு சிக்கலும் உண்டு. அது படைப்பை விட்டுப் படைத்தவரின் தோலைப் பார்க்கத் தொடங்குகிறது.

இக்கலன்களில் உடல் இருப்பது தோற்றத்தைக் காட்டிலும் அளவிலும் சமநிலையிலும் ஆகும். அகன்ற வயிற்றுக்கு ஒவ்வாத சிறிய அடியின்மீது பல கலன்கள் நிற்கின்றன. சாய்ந்த கழுத்தின் எடையை வயிற்றின் எதிர்ப்புடைப்பு தாங்குகிறது. விழாமல் நிற்பது எப்படி என்ற வினாவை இவ்வடிவம் கண்களுக்கு முன் வைத்துக்கொண்டே இருக்கிறது. தலையில் நீர்க்குடம் சுமந்து நடப்பவரின் உடலறிவு இது; வயிறும் கழுத்தும் பற்றிய உவமையைக் காட்டிலும் செறிவானது. உள்ளே எதுவும் இல்லாத கலன் தன் எடையைத் தானே சுமக்கிறது.

உடலின் அணிகலன்மீதும் ஒடுண்டோவுக்கு நாட்டம் உண்டு. லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்திலுள்ள பழைய எகிப்தியக் கண்ணாடிக் காதணியிலிருந்து தூண்டுதல் பெற்று, கண்ணாடிக் கலைஞர்களின் துணையோடு 2014இல் ஒரு படைப்பை உருவாக்கினார். 1,001 கண்ணாடித் துண்டுகள் கூரையிலிருந்து தொங்கும் அமைப்பு அது. காது வளர்த்துப் பாம்படம் அணிந்த மூதாட்டியரைக் கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தத் தேர்வு உவப்பளிக்கும். எனினும் மட்கலன்களின் செறிவு இதில் இல்லை. ஒற்றைக் கலன் தாங்கிநின்ற இறுக்கம் இங்கு எண்ணிக்கையில் பரவிப்போகிறது.

பெயரும் பெயரின்மையும்

ஒடுண்டோ தம் கலன்களுக்குக் கவித்துவமான பெயர்களைச் சூட்டுவதில்லை. பெரும்பாலானவை தலைப்பற்றவை. எஞ்சியவற்றின் தலைப்புகள், சமச்சீரானதா சாய்ந்ததா, செந்நிறமா கருநிறமா, கழுத்து குறுகியதா என வடிவையும் சூட்டையும் மட்டும் குறிக்கின்றன. பொருள்கூறும் உரிமையைக் கலைஞர் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதோடு, ஊர்க் குயவரின் பேச்சுமுறைக்கும் இது நெருக்கமானது. குயவர் தம் கலனை நீர்க்குடம், சோற்றுப்பானை என்பார். அதற்கு மேலான தலைப்பு தருவதில்லை.

ஆனால் கலைஞரின் பெயர் நிலைக்கிறது. மரியா மார்டினெஸ் 1920களில் தம் கலன்களில் பெயர் பொறிக்கத் தொடங்கியபோது அது அவர் சமூகத்தின் வழக்கமாக இருக்கவில்லை. வாங்குவோரின் உலகம் அதனை விரும்பியது. லாடி குவாலியின் பெயர் இன்று அறியப்படுவதற்கு அவர் குடங்கள் கார்டியூவின் கண்ணில்பட்டது ஒரு காரணம். அதே சிற்றூர்களில் அதே முறையில் குடம் செய்த பிற பெண்களின் பெயர்கள் பதிவாகவில்லை. ஒடுண்டோவின் தனித்திறனைக் குறைத்து மதிப்பிடாமலே இப்பெயரின்மையைப் பேசமுடியும். அவருடைய சாய்ந்த கழுத்துகளும் துல்லியமான விளிம்புகளும் எந்த ஒரு மரபிலும் முன்பு இருந்தவை அல்ல. அவற்றை எழுப்பும் கையசைவுகளோ பலரிடமிருந்து வந்தவை.

2019இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டிலுள்ள ஹெப்வொர்த் காட்சிக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சி இதனை ஓரளவு எதிர்கொண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒடுண்டோவின் படைப்புகள், உலகின் பல பகுதிகளையும் காலங்களையும் சேர்ந்த பொருள்களுடன் அங்கு வைக்கப்பட்டன. ரோடான், டெகா, பார்பரா ஹெப்வொர்த் ஆகியோரின் ஆக்கங்களும் பெயர் அறியப்படாத கைவினைஞர்களின் பொருள்களும் ஒரே கூடத்தில் இடம்பெற்றன. யாரிடமிருந்து யார் கற்றார் என்னும் வரிசையைக் குலைத்து, நிகரானவையாக அவற்றை நிறுத்தியது இதன் சிறப்பு. விளக்க அட்டைகளில் அந்நிகர்நிலை தொடர முடியவில்லை. ஒருபுறம் கலைஞரின் பெயரும் ஆண்டும், மறுபுறம் இனக்குழுவின் பெயரும் தோராயமான காலமும்.

லண்டனின் இரு பெரும் அருங்காட்சியகங்களில் ஒடுண்டோவின் கலன்கள் உள்ளன. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை மட்கலைத் தொகுப்பில், பிரித்தானியக் கலைஞர்களின் கலன்களுக்கு அருகில் எண்ணப்படுகின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவை ஆப்பிரிக்கத் தொகுப்பைச் சேர்ந்தவை. ஒரே கையால் ஒரே பட்டறையில் சுடப்பட்ட கலன், ஓரிடத்தில் ஒரு கலைஞருடையதாகவும் மற்றோரிடத்தில் ஒரு கண்டத்தினுடையதாகவும் பதிவேட்டில் ஏறியிருக்கிறது.